கிணத்தடிப் பாட்டு

ஒரு மொட்டைக் கடிதம் எழுதினேன். கல்லூரி அலுவலகத்தில் இருந்த தமிழ்த் தட்டச்சுப் பொறியில், மதியச் சாப்பாட்டு நேரத்தில், கதவைச் சாத்திக்கொண்டு நானே அடித்தேன். கடைசியில் 'இப்படிக்கு, உண்மையுள்ள விசுவாசி' என்று போட்டேன். உண்மையும் இல்லை, விசுவாசமும் இல்லை. உள்ளூர்ப் பெட்டியில் போட்டால் தபால் முத்திரை காட்டிக்கொடுத்துவிடும் என்று கொடைரோடு வரைக்கும் பஸ்ஸில் போய், ரயில் நிலையத்துக்கு வெளியே இருந்த பெட்டியில் போட்டேன். பக்கத்துக் கடையில் ஒரு டீ குடித்துவிட்டுத் திரும்பினேன். அந்த டீ நன்றாக இருந்தது என்பதுகூட ஞாபகம் இருக்கிறது.

அந்தக் கடிதம் ஒரு மனிதரைத் திண்டுக்கல்லில் எங்கள் மாதா கோயில் ஆர்மோனியத்தின் முன்னாலிருந்து எழுப்பிக் கடைசி வரிசைக்கு அனுப்பியது. அவரைப் பற்றி எழுதத்தான் இப்போது உட்கார்ந்திருக்கிறேன். முதல் தடவை எழுதியபோது அவர் பெயரைப் போட்டேன், என் பெயரை மறைத்தேன். இந்தத் தடவை அவர் பெயரை விட்டுவிடுகிறேன். ஊருக்கு அவர் மாட்டாஸ்பத்திரி கம்பவுண்டர். எனக்கு அண்ணன். என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவர். அவர் போய் இரண்டு மழைக்காலம் ஆகிறது.

அவரைப் பார்த்தவர்கள் எல்லோரும் சொல்லக்கூடியது ஒன்று உண்டு. எதைச் செய்வதற்கு முன்னாலும் அவர் நிற்பார். கேள்வி கேட்டால் உடனே பதில் வராது. டீ கிளாஸைக் கையில் வாங்கினால் உடனே வாய்க்குப் போகாது. பஸ் வந்து நின்றால்கூட, அது நிஜமாகவே நின்றுவிட்டதா என்று பார்ப்பவர்போல ஒரு நொடி பார்த்துவிட்டுத்தான் ஏறுவார். அவசரப்படுத்தினால், "செத்த பொறுங்க" என்பார். நாளைக்கு நூறு தடவை சொல்வார்.

எங்கள் பக்கத்தில் செத்த நேரம் என்றால் கொஞ்ச நேரம். ஒட்டன்சத்திரத்துக்கு அந்தப் பக்கம் இதையே சித்த நேரம் என்பார்கள். அந்த ஊர்க்காரர் ஒருவர் வயிறு உப்பிய எருமையை ஓட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு வந்தார். அண்ணன் எருமையின் விலாவில் கையை வைத்துக்கொண்டு, "செத்த பொறுங்க, செத்த பொறுங்க" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். அந்த மனிதர் முகம் வெளுத்து வாசலில் நின்ற என்னிடம் வந்தார். "ஏனுங்க, வெறும் உப்புசந்தானுங்க. வந்ததுல இருந்து செத்த செத்தங்கறாரே, அவ்வளவுதானுங்களா?" என்று கேட்டார். எருமை பிழைத்துப் போனது. அவர் போகும்போதும் சந்தேகத்தோடுதான் போனார்.

ஊசி போடும் முறையும் அப்படித்தான். கயிற்றை இழுத்துப் பிடித்து, நாலு பேர் அமுக்கி, குத்திவிட்டு ஓடுவதெல்லாம் அவரிடம் கிடையாது. மாட்டின் கழுத்தைத் தடவிக்கொண்டே மெல்லச் சீட்டி அடிப்பார். மாடு காதை ஒரு பக்கம் திருப்பும். அதுவரைக்கும் ஊசி இறங்காது. பஸ் போய்விடும் என்று மாடு ஓட்டிவந்த சம்சாரிகள் முணுமுணுப்பார்கள். "நீ சரின்னா போதுமா அப்பு, அது சரிங்கணும்ல" என்பார். அவர் அடிக்கும் சீட்டி எப்போதும் ஒரே பாட்டுதான். அது எந்தப் பாட்டு என்று திண்டுக்கல்லில் ஐந்து பேருக்குத் தெரியும்.

இத்தாலிக்காரர்கள் எடுத்த ஒரு குதிரைப் படத்தில் வரும் பாட்டு அது. அந்தப் படம் எங்கள் ஊர்த் தியேட்டரில் ஞாயிற்றுக்கிழமை காலைக் காட்சியாக வரும். வாரம் முழுக்க ஓடாது, ஒரே ஒரு காட்சிதான். பிறகு சில மாதம் கழித்து அதே பிரிண்ட் இன்னும் நாலு கோடு கூடுதலாகப் போட்டுக்கொண்டு திரும்ப வரும். கள்ளியும் செம்பாறையும் புழுதியுமாக ஒரு நாடு. அண்ணன் முதல்முறை பார்த்துவிட்டு, "இது நம்ம வத்தலக்குண்டு ரோடுதான் சார், ஆளுக மட்டும் வெள்ளைக்காரங்க" என்றார். பேசுவது ஒன்றும் புரியாது. புரியத் தேவையும் இல்லை. கடைசியில் ஒரு பாழடைந்த கோயிலுக்கு முன்னால், தண்ணீர் இல்லாத கிணற்றுக்கு இந்தப் பக்கம் ஒருவன், அந்தப் பக்கம் ஒருவன் நிற்பான். இருவர் கையும் இடுப்புத் துப்பாக்கிக்கு மேல். சுடமாட்டார்கள். நிற்பார்கள். நிற்பார்கள். நிற்பார்கள். அந்த நிற்றல் முழுக்கப் பாட்டுதான். முதலில் ஒரு சீட்டி. பிறகு அது நின்று, ஒன்றுமே இருக்காது. பிறகு கோயில் மணி. பிறகு வார்த்தை இல்லாமல் ஒரு பெண் குரல். எல்லாவற்றுக்கும் மேலே எக்காளம்.

அதற்கு நாங்கள் வைத்த பெயர் கிணத்தடிப் பாட்டு. நாங்கள் என்றால் ஐந்து பேர். நான், அண்ணன், அகரத்துப் பூக்காரர், டயர் கடைக்காரர் ஒருவர், ஒரு குதிரை வண்டிக்காரர். வேறு எதிலும் ஒன்றுசேராதவர்கள் இந்தப் பாட்டில் ஒரு கூட்டம் ஆனோம். எட்டு மணிப் பூசை முடிந்து நானும் அண்ணனும் கோயிலிலிருந்து நேராகத் தியேட்டருக்குப் போவோம். மற்ற மூவரும் டிக்கெட்டோடு நிற்பார்கள். முடிந்ததும் பஸ் நிலையத்துக்கு எதிரே டீக்கடையில் உட்கார்ந்து, படம் ஓடிய நேரத்தைவிட அதிக நேரம் அந்தப் படத்தைப் பற்றிப் பேசுவோம்.

ஒவ்வொருவரும் வேறு வேறு படத்தைப் பார்த்தோம். வண்டிக்காரருக்குச் சேணம். பூக்காரருக்கு வில்லனின் சிரிப்பு. அண்ணனுக்குக் குதிரையும் பாட்டும். "அவன் சாகுறது கெடக்கட்டும் சார். அந்தச் செவலைக் குதிரைக்கு இடது முன்னங்கால் மூட்டு வீங்கியிருக்கு. அம்புட்டுப் பேரு நிக்கிறான், ஒருத்தன் பாத்தானா?" என்று வருத்தப்படுவார். அடுத்த முறை படம் வந்தபோது நாங்கள் ஐந்து பேரும் அந்தக் குதிரையின் முட்டியை மட்டும் பார்த்தோம். வீங்கித்தான் இருந்தது.

ஒரு ஞாயிறு, ஆபரேட்டர் ரீலை மாற்றிப் போட்டுவிட்டார். சுடப்பட்டு விழுந்து மண் மூடியவன், அடுத்த நிமிடமே குதிரையில் ஏறி வந்தான். தியேட்டரே கத்தியது. அண்ணன் வழக்கம்போல நின்று நிதானித்துவிட்டு என் காதருகே சொன்னார். "மூணாம் நாளுகூட ஆகல. அதுக்குள்ள எந்திரிச்சிட்டான்." நான் சிரித்த சிரிப்பில் முன்வரிசைக்காரர் திரும்பித் திட்டினார்.

கிணற்றடி வந்துவிட்டால் அண்ணன் கையைச் சற்றே உயர்த்துவார். அவ்வளவுதான். சோடா பாட்டில் உருட்டுகிறவர்கள்கூட அடங்குவார்கள். திரையில் சீட்டி முடிந்து, அந்த ஒன்றுமில்லாத நேரம் வரும்போது தியேட்டரில் மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்கும். ஒருமுறை பின்னாலிருந்து யாரோ அந்த இடைவெளியில் விசில் அடித்தான். அண்ணன் திரும்பி, கோபமே இல்லாமல், "செத்த பொறுப்பா. அவன் சும்மா இருக்கான்ல, நீயும் இரு" என்றார். சும்மா இருப்பதையும் ஒருவன் செய்கிறான், அதுவும் வாசிப்பில் சேர்த்தி என்று எனக்கு அன்று புரியவில்லை.

கோயிலில் கால் ஆர்மோனியம் அவர் பொறுப்பில் இருந்தது. யாரிடம் கற்றீர்கள் என்று கேட்டால், "கேட்டுக் கேட்டுத்தான்" என்பார். ஒரு தவக்கால ஞாயிறு, எல்லோரும் நன்மை வாங்க, அதாவது நற்கருணை அப்பம் பெற, வரிசையில் நின்றோம். அண்ணன் கட்டைகளின்மேல் விரலை வைத்தார். வாசிக்கவில்லை. கால் மட்டும் துருத்தியை மிதிக்கிறது, காற்று உள்ளே ஏறும் சத்தம் கேட்கிறது, பாட்டு வரவில்லை. சனங்கள் தலை குனிந்தார்கள். அமைதியாகச் செபிக்கச் சொல்கிறார் என்று நினைத்துக்கொண்டார்கள். எனக்கு மட்டும் தெரிந்தது. அவர் மனதுக்குள் சீட்டி அடிக்கிறார். கோயிலில் சீட்டி அடிக்க முடியாதல்லவா, அதனால் அந்தச் சீட்டியின் நீளத்துக்கு மௌனத்தை வைத்தார். அது முடிந்ததும், அதன் பிறகு வரும் மௌனத்தையும் வைத்தார். பிறகு மெல்ல, மணியும் பெண்குரலும் ஆர்மோனியத்தில் வந்தன. நான் சாமியார் முன்னால் போய் நின்றபோது சிரிப்பை அடக்கியதில் கண்ணில் நீர் நின்றது. சாமியார் என்னை மிகுந்த பரிவோடு பார்த்தார்.

பூசை முடிந்து பெண்கள் சூழ்ந்துகொண்டார்கள். என்ன பாட்டு என்று கேட்டார்கள். அண்ணன் பொய் சொல்லமாட்டார். "இத்தாலிப் பாட்டும்மா" என்றார். இத்தாலி என்றால் ரோமாபுரி, ரோமாபுரி என்றால் பாப்பரசர். அடுத்த வாரத்துக்குள் அது எங்கள் கோயிலைச் சேர்ந்த பங்குச் சனம் முழுக்க ரோமாபுரிப் பாட்டு ஆகிவிட்டது. மூன்று ஆண்டுகளுக்கு மேல் எங்கள் பங்கில் நன்மை வாங்கும் நேரத்தில் அதுதான். அதைக் கேட்டு அழுத பெண்களை எனக்குத் தெரியும். குடியை விட்ட ஒரு கொத்தனாரையும் தெரியும்.

திருவிழாவுக்குப் பூ கொடுக்க வந்த அகரத்துப் பூக்காரர் மாட்டிக்கொண்டார். நெற்றி நிறைய விபூதியோடு, செவ்வந்திக் கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு வாசலில் நுழைகிறார், உள்ளே கிணத்தடிப் பாட்டு. அப்படியே நின்றுவிட்டார். டீக்கடையில் அதைச் சொல்லிச் சொல்லி மாய்ந்தார். "கம்பவுண்டரே, நான் பூவ எறக்கணும்கிறதையே மறந்துட்டேன்யா. எந்தப் பக்கத்துல இருந்து குதிர வருதுன்னு வாசல வாசலப் பாக்குறேன்." அண்ணன் நிதானமாகச் சொன்னார். "வந்துச்சுன்னா மூட்டப் பாத்து அனுப்புவேன்."

இப்படிப்பட்ட மனிதர்மேல் எனக்கு என்ன பகை? சொல்கிறேன். சிறிய விஷயம்தான்.

நான் கல்லூரியில் சரித்திரம் சொல்லிக்கொடுத்தேன். எங்கள் ஐவரில் படித்தவன் நான் ஒருவன்தான். அந்தப் படத்தின் இசையைப் பற்றிக் கல்லூரி ஆண்டு மலருக்கு ஒரு கட்டுரை எழுதினேன். டீக்கடையில் அதை வாசித்துக் காட்ட, இரண்டு சக பேராசிரியர்களையும் அழைத்து வந்திருந்தேன். அவர்களுக்கு அந்தப் படத்தையும் காட்டியாகிவிட்டது. 'தொடக்கத்தில் ஒலிக்கும் புல்லாங்குழல், இடைவெளியின்றி மணியோசையில் கலக்கிறது' என்று வாசித்தேன்.

அண்ணன் கிளாஸை வைத்தார். நின்றார். பிறகு, "சார், அது குழல் இல்ல. சீட்டி. அடுத்தாப்புல மணி வராது. நடுவுல சும்மா இருக்கான். நீங்க ரெண்டாவது எடத்துல அவசரப்பட்டுட்டீங்க" என்றார். சொல்லிவிட்டு, எல்லோருக்கும் விளங்கட்டும் என்று அடித்தும் காட்டினார். சீட்டி. மௌனம். டீக்கடை முழுவதும் அந்த மௌனத்தைக் கேட்டது. என் நண்பர்கள் சிரித்தார்கள். ஒருவர், "சரித்திரத்த மாட்டாஸ்பத்திரில திருத்துறாங்கப்பா" என்றார்.

பகை அவர்கள் சிரித்ததற்காக அல்ல. அதைத் தாங்கியிருப்பேன். அடுத்த முறை படம் வந்தபோது தனியாகப் போய் உட்கார்ந்து, கடிகாரத்தை வைத்துக்கொண்டு கேட்டேன். அவர் சொன்னதுதான் சரி. அதைத்தான் தாங்கமுடியவில்லை. மறுநாள் தட்டச்சுப் பொறியின் முன் உட்கார்ந்தேன்.

கடிதம் போய்ச் சேர்ந்த வாரம் பங்குப் பேரவை கூடியது. நான் அதன் செயலாளர். அண்ணனை வரச் சொல்லியிருந்தார்கள். அப்போதிருந்த பங்குச் சாமியார் கண்டிப்பானவர், ஆனால் நியாயமானவர். கடிதத்தைச் சத்தமாகவே வாசித்தார். 'நற்கருணை நேரத்தில் வாசிக்கப்படுவது, துப்பாக்கிச் சண்டைப் படம் ஒன்றில் வரும் கிணத்தடிப் பாட்டு என்பதைத் தங்கள் மேலான கவனத்துக்குக் கொண்டுவருகிறேன்.' அந்த வரி வந்தபோது அண்ணன் ஒருமுறை நிமிர்ந்து பார்த்தார். எனக்குப் பின்னால் சுவர்க் கடிகாரம் இருந்தது. மணி பார்க்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

இது நெசமா என்று சாமியார் கேட்டார்.

அண்ணன் நின்றார். "ஆமா சாமி" என்றார்.

சினிமாப் பாட்டை எப்படிக் கோயிலில் வாசிக்கலாம் என்று சாமியார் கேட்டதற்கு, "செத்த பொறுங்க சாமி" என்று ஆரம்பித்தார். "அந்தப் படத்துல ரெண்டு பேரு எதிரெதிர நிக்கிறான். யாரு சாகப்போறான்னு ரெண்டு பேருக்குமே தெரியாது. அந்த நேரத்துல வாசிக்கிறது செபமில்லாம வேற என்ன சாமி?"

சாமியார் கடிதத்தை மடித்தார். காற்று எந்தப் பக்கம் திரும்பும் என்று தெரியாத ஒரு நிமிடம் அது. சாமியார் என் பக்கம் திரும்பினார். "சார், நீங்க படிச்சவங்க. என்ன சொல்றீங்க?"

நான் சொன்னேன். "எனக்கும் ரொம்ப நாளா உறுத்தலாத்தான் இருந்துச்சு சாமி."

கடிதத்தைவிட இந்த ஒரு வாக்கியம்தான் என்னை அதிகம் அரித்தது. அதற்குத் தட்டச்சுப் பொறி தேவைப்படவில்லை.

அடுத்த ஞாயிறு முதல் ஆர்மோனியத்தில் வேறு ஆள். அண்ணன் கடைசி வரிசைத் தூணுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். அவர் வீட்டில் ஆர்மோனியம் கிடையாது, அந்தப் பெட்டி ஒன்றுதான் அவருக்கு. ஆனால் கூட்டம் முடிந்து படி இறங்கும்போது என்னிடம் அவர் பேசியது இவ்வளவுதான். "சார், வேற படம் வரலையாம், வர்ற ஞாயித்துக்கிழம மறுபடி அதையே போடுறான். வாரீங்கள்ல?"

போனேன். கிணற்றடி வந்தது. அவர் கையை உயர்த்தினார். எல்லோரும் அடங்கினார்கள். நான் திரையைப் பார்க்கவில்லை.

இரண்டு மாதம் கழித்து, என்னைத் தெரியாத ஒரு சாமியாரிடம் பாவத்தைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்ய வத்தலக்குண்டுக்குப் போனேன். அவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டுப் பாவத்துக்கு அபராதம் சொன்னார்: போய் அவரிடமே சொல்லு. எனக்கு அது கனமாக இருந்தது. வழியில் பஸ்ஸில் உட்கார்ந்து நானாகவே அபராதத்தை மாற்றிக்கொண்டு 'அருள் நிறைந்த மரியே' செபத்தைப் பத்து முறை சொன்னேன். திண்டுக்கல் வருவதற்குள் முடித்துவிட்டேன். பிறகு நாற்பது வருடத்துக்கு மேல் போனது. தியேட்டர் கல்யாண மண்டபம் ஆனது. அந்தக் கண்டிப்பான சாமியாரும், டயர் கடைக்காரரும், வண்டிக்காரரும் போய்விட்டார்கள். அண்ணனும் நானும் ஓய்வு பெற்றோம். கோயிலில் பார்த்தால் அவர் சிரிப்பார். வயதான பெண்கள் மட்டும் அவ்வப்போது கேட்பார்கள், அந்த ரோமாபுரிப் பாட்டை ஏன் இப்போது வாசிப்பதில்லை என்று. அவர், "செத்த பொறுங்கம்மா" என்பார்.

ஒரு மத்தியானம் கைபேசியில் அந்தப் பாட்டைத் தேடினேன். கிடைத்தது. ஏதோ ஒரு நாட்டில், பெரிய மண்டபத்தில், கறுப்புக் கோட்டு போட்ட நூறு பேர் வயலினும் எக்காளமுமாக உட்கார்ந்திருக்கிறார்கள். முன்னால் ஒரு வழுக்கைத் தலைக்காரர் தனியாக நின்று சீட்டி அடிக்கிறார். அடித்து முடித்தார். அப்புறம் அந்த நூறு பேரும், அத்தனை ஆயிரம் சனமும், சும்மா இருந்தார்கள். அண்ணன் டீக்கடையில் சும்மா இருந்த அதே அளவு நேரம். பிறகு மணி. முடிந்ததும் மண்டபமே எழுந்து நின்றது. கீழே உலகம் முழுவதிலிருந்தும் ரசிகர்கள் எழுதியிருந்தார்கள். யாரோ ஒருவர் எழுதியிருந்தார்: என் அப்பாவின் அடக்கப் பூசையில், கோயிலில், இதைத்தான் வாசித்தோம்.

செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

அண்ணன் மேட்டுப்பட்டியில் மகள் வீட்டில் இருந்தார். எண்பதைத் தாண்டியவர், பல் ஒன்றுகூட இல்லை. அந்த மண்டபக் கச்சேரியைக் காட்டினேன். பிறகு படத்தையே காட்டினேன். கைபேசியைத் தள்ளிப் பிடித்துப் பார்த்துவிட்டு, "குதிரையெல்லாம் எலியாட்டம் ஓடுது சார். இதுல மூட்ட எங்க பாக்குறது" என்றார். அப்போது சொல்லிவிட்டேன். கடிதம், கொடைரோடு, டீ, எல்லாம்.

அவர் நின்றார். வாழ்க்கையில் அவர் நின்றதிலேயே அதுதான் எனக்கு நீளமானது.

"தெரியும் சார்" என்றார்.

எப்படி என்று கேட்டேன்.

"கிணத்தடிப் பாட்டுன்னு எழுதிட்டீங்களே. அந்தப் பேரு நம்ம அஞ்சு பேருக்குத்தான் தெரியும். அஞ்சு பேருல டைப்பு அடிக்கத் தெரிஞ்சது யாரு? பூக்காரரா?"

அன்று அவர் பார்த்தது கடிகாரத்தை அல்ல. அத்தனை வருடமும் தெரிந்துதான் சிரித்திருக்கிறார். ஏன் கேட்கவில்லை என்றேன். "நீங்களே சொல்லுவீங்கன்னு செத்த பொறுத்தேன். இம்புட்டு நேரம் ஆகும்னு நெனைக்கல."

நான் கோயிலில் எல்லோர் முன்னாலும் நின்று, எழுதி வாசித்து, மன்னிப்புக் கேட்கிறேன் என்றேன். அவர் கையை ஆட்டினார். "அதெல்லாம் வேணாம் சார். எழுத்து உங்களுக்கு நல்லா வரும். எழுதுன வரைக்கும் போதும்." பொக்கை வாயால் சிரித்தார். "என்னைய ஒரு தடவ பொட்டில உக்கார வைங்க. போதும்."

இப்போதைய பங்குச் சாமியார் இளைஞர். அவரிடம் போய் முழுக் கதையையும் சொன்னேன். பாட்டைப் போடச் சொல்லிக் கேட்டார். கண்ணை மூடிக்கொண்டு முழுவதும் கேட்டார். பெட்டியைத் துடைக்கச் சொன்னார்.

ஒத்திகைக்கு அண்ணனைக் கோயிலுக்குக் கூட்டிப்போனேன், சாமியாரும் வந்தார். பாட்டுக்குழுவில் ஒரு டீச்சர் கீபோர்டு வாசிக்கிறவர். இதிலேயே சீட்டிச் சத்தமும் இருக்கிறது தாத்தா, அதையும் சேர்த்துக்கொள்ளலாம் என்று ஒரு பொத்தானை அமுக்கிக் காட்டினார். அண்ணன் நின்று கேட்டுவிட்டு, "இது சீட்டி இல்லம்மா, குக்கரு" என்றார். பிறகு என் பக்கம் திரும்பினார். "எனக்குப் பல்லு இல்ல. காத்து நிக்காது. அப்ப கோயில்ல அடிக்க முடியாம மனசுக்குள்ள அடிச்சேன்ல, அந்த எடத்துல இந்தத் தடவ நீங்க அடிங்க."

நான் எழுபத்தைந்து வயது ஓய்வு பெற்ற பேராசிரியர். என் மாணவர்கள் பாதிப் பேர் அந்தப் பங்கில் இருக்கிறார்கள். சாமியார் காப்பாற்றுவார் என்று அவரைப் பார்த்தேன். அவர் மேலே பார்த்தார். "கோயில்ல புறா கத்துது, கைக்குழந்த கத்துது. நீங்க அடிச்சா என்ன சார்?" என்றார்.

இரண்டு வாரம் குளியலறையில் பழகினேன். என் மனைவி கதவைத் தட்டி, இந்த வயதில் யாரைப் பார்த்துச் சீட்டி அடிக்கிறீர்கள் என்று கேட்டாள். அவளிடமும் கடிதத்தைப் பற்றி அன்றுதான் சொன்னேன். செத்த நேரம் கழித்து, "நல்லா அடிங்க" என்றாள்.

அந்த ஞாயிறு சனங்கள் வரிசையில் எழுந்தார்கள். அண்ணன் பெட்டியின் முன் உட்கார்ந்திருந்தார். கால் மிதிக்க ஆரம்பித்தது. விரல் கட்டையின்மேல். அவர் என்னைப் பார்த்துத் தலையசைத்தார். எனக்கு உதடு காய்ந்துவிட்டது. இரண்டு முறை வெறும் காற்றுதான் வந்தது. முன்வரிசையில் யாரோ திரும்பினார்கள். மூன்றாம் முறை வந்தது.

அடித்தேன். கூரை உயரமான கோயில். சீட்டி மேலே போய்த் திரும்பி வந்தது. தூணுக்குத் தூண் தலைகள் நிமிர்ந்தன. வெளியே வாசலில், தடியை ஊன்றிக்கொண்டு, நெற்றி நிறைய விபூதியோடு அகரத்துப் பூக்காரர் நிற்பதைப் பார்த்தேன். யார் சொல்லி அனுப்பினார்களோ. அவர் உள்ளே வரவில்லை, தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார். குதிரையைத்தான். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரிப்பும் சீட்டியும் சேர்ந்து வராது. அவசரமாக முடித்தேன். மௌனம் முடியுமுன்பே மணிக்குத் தலையசைத்துவிட்டேன். அண்ணன் விடவில்லை. மீதியை அவரே நிரப்பினார், விரலை அசைக்காமல். பிறகு மணி. பிறகு, குழுவில் யாரும் பாடச் சொல்லாமலேயே, வயதான பெண்கள் பக்கத்திலிருந்து வார்த்தை இல்லாமல் அந்தப் பெண் குரல். ஒன்று, பிறகு நாலு, பிறகு எத்தனை என்று தெரியவில்லை. அவர்கள் அதை மறக்கவே இல்லை.

பூசை முடிந்து அவர் அருகில் போய் நின்றேன். ஏதாவது சொல்வார் என்று காத்திருந்தேன். பெட்டியை மூடினார். துணியைப் போர்த்தினார். நின்றார்.

"ரெண்டாவது எடத்துல அவசரப்பட்டுட்டீங்க சார்" என்றார்.

நாற்பது வருடம் முன்பும் இதையேதான் சொன்னீர்கள் என்றேன்.

"அப்பயும் அவசரப்பட்டீங்கள்ல. அடுத்த ஞாயித்துக்கிழம வாங்க. சரியா வர்ற வரைக்கும் விடமாட்டேன்."

அடுத்த ஞாயிறும் வாசித்தார். அதற்கடுத்த ஞாயிறும். அவர் உடம்பு முடியாமல் படுக்கும்வரை, ஏறக்குறைய ஒரு வருடம், ஒவ்வொரு வாரமும் பெட்டியில் அவர், தூண் ஓரத்தில் நான். ஒவ்வொரு வாரமும் பூசை முடிந்து, "இன்னும் வரல சார், அடுத்த வாரம் பாப்போம்" என்பார்.

எனக்கு அது ஆறாவது வாரமே சரியாக வந்துவிட்டது. குளியலறையில் கடிகாரம் வைத்துப் பார்த்தேன். அதன் பிறகும் ஒவ்வொரு ஞாயிறும் ரெண்டாவது இடத்தில் நான் வேண்டுமென்றே அவசரப்பட்டேன் என்பதையும் இங்கே ஒப்புக்கொள்கிறேன். அதுவும் அவருக்குத் தெரிந்திருக்கும்.